ஸ்டார்ட் ஆயிற்றா?

பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துச் சீரமைக்கிறவனிடம் உலகம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஸ்டார்ட் ஆயிற்றா?" நலம் விசாரிக்க அழைக்கும் என் மனைவியின் தம்பி, நலத்துக்கு முன்னால் இதைத்தான் விசாரிப்பான். முகவரி தேடி வந்து கதவைத் தட்டிய ஒருவர்கூட, தார்ப்பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்த உருண்டை முகப்பைக் கண்டதும் இதையே கேட்டார். இன்னும் முயன்று பார்க்கவே இல்லை என்று சொன்னால், வேலை கிடைக்காத பையனைப் பற்றி அவன் அப்பாவிடம் தெரியாமல் கேட்டுவிட்டவர்களைப் போலப் பேச்சை மாற்றுகிறார்கள். ஆயிற்று என்று பொய் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் வேலை முடிந்தது என்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். பல மாதங்களாக இந்தக் கேள்வியோடு மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய காரில் கைவைக்கும் புதியவர்களை நடுவழியில் கவிழ்ப்பதில் துருவுக்கும் உதிரிபாகத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய பங்கு இந்தக் கேள்விக்குத்தான் என்பது என் கட்சி.

பாதியில் நின்றுபோன கார்களின் விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். கார் எதுவாகவும் இருக்கட்டும், வாசகம் மாறுவதில்லை. எஞ்சின் முழுதாகச் செய்யப்பட்டது, நன்றாக ஓடுகிறது, மற்ற பாகங்கள் பெட்டிகளில் இருக்கின்றன, நேரமின்மையால் விற்கிறேன். பாடி வேலை எல்லாம் முடித்து, பிரேக் பிடித்து, ஸ்டியரிங் திருகி, எஞ்சின் மட்டும் பாக்கி என்று யாரும் விற்று நான் பார்த்ததில்லை. அந்த நிலைக்கு வந்தவர் விற்கமாட்டார் என்பதுதான் காரணம். எஞ்சினை முதலில் முடித்தவர் விற்கிறார். கடைசியில் வைத்துக்கொண்டவர் வைத்துக்கொள்கிறார்.

பச்சை எஞ்சின்

என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார். 948 சிசி எஞ்சின், ஒரே துண்டாக வளைந்த முகப்புக் கண்ணாடி, திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து கைநீட்டும் டிராஃபிகேட்டர். 1956-க்கும் 1961-க்கும் இடைப்பட்ட வண்டி என்பதை இந்த மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். அதுவும் ஒரு பாதி வண்டிதான். எனக்கு முன் வைத்திருந்தவர் எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து போர் செய்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பச்சையில் பெயிண்ட் அடித்து ஏற்றியிருந்தார். பானெட்டைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். புது கேஸ்கட்டுகள், புது பிளக் வயர்கள், துடைத்து வைத்த கார்புரேட்டர். பிரேக் பெடலை மிதித்தேன். எந்த எதிர்ப்பும் காட்டாமல் அது தரையில் போய் உட்கார்ந்தது.

அவரைக் குறைசொல்ல மாட்டேன். எஞ்சினிலிருந்து தொடங்குவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. இந்த ஏ-சீரிஸ் எஞ்சின் 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரோடு வந்து, மைனரிலும் மினியிலும் இன்னும் பலவற்றிலும் ஏறி, 2000-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. கையேடுகளுக்குப் பஞ்சமில்லை. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், வால்வு இடைவெளி எவ்வளவு, பாயிண்ட் இடைவெளி எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. எண் இருக்கும் வேலை புதியவனுக்குத் துணிச்சல் தரும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எஞ்சினை வெளியே எடுத்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் அது மார்பளவு உயரத்தில், நல்ல வெளிச்சத்தில், சுற்றிச் சுற்றி வந்து செய்யும் வேலை. காரில் மற்றதெல்லாம் மல்லாந்து படுத்து, துரு கண்ணில் விழ, கைக்கு எட்டாத இடத்தில் கை வைத்துச் செய்யும் வேலை.

ஆனால் எஞ்சினை எடுத்து வெளியே வைத்தாலே மற்றது எதையும் பார்க்காமல் முழுதாக முடித்துவிடலாம் என்பதுதான் அதன் ஆபத்தும். காரின் மற்ற பகுதிகளைப் பற்றி அது உங்களுக்கு ஒன்றும் கற்றுத்தராது. முடித்து, ஏற்றி, ஒரு நாள் அது உறுமியதும் எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த நாள் காலை, சத்தம் எழுப்பக்கூடியது வேறெதுவும் அந்த வண்டியில் மிச்சமில்லை. பிறகு வருவது எல்லாம் ஊமை வேலை. தரைத்தகடு, பைப், கேபிள், ரப்பர். கைதட்டலைக் கேட்டுவிட்ட பிறகு ஊமை வேலைக்குள் இறங்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

மழுங்கிய போல்ட்

நான் பிரேக்கிலிருந்து தொடங்கியதற்கு அப்போது தத்துவம் ஒன்றும் கிடையாது. பச்சை எஞ்சின் எனக்காகக் காத்திருக்கவில்லை, பெடல் தரையில் கிடந்தது, அவ்வளவுதான். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது இருக்கும் இடம், அதை முதல்முறை தேடுகிறவரைத் திகைக்க வைக்கும். பானெட்டுக்குள் தேடினால் கிடைக்காது. ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்பைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் மூடியை எடுத்தால், சேஸிஸ் தண்டுக்குள் பதுங்கியிருக்கும் சிலிண்டரின் எண்ணெய் வாய் தெரியும். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் பெரிய மேதைதான். 1948-இல் வெளிவந்த ஒரு சிறிய குடும்பக் காருக்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் கொடுத்தவர். மாதிரி வண்டி ஒல்லியாக இருக்கிறதே என்று தோன்றியதும் அதை நெடுக இரண்டாக வெட்டி 4 அங்குலம் அகட்டி வைத்துப் பார்த்து, அதுதான் சரி என்று தீர்மானித்தவர். பானெட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டை அவருடைய மனமாற்றத்தின் தழும்பு. இருந்தாலும் இந்தச் சிலிண்டரை இந்த இடத்தில் வைத்த நாளில் அவர் யாரோடு கோபமாக இருந்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நீளமான போல்ட்டுகள் சேஸிஸ் தண்டைக் குறுக்காகத் துளைத்துப் போகின்றன. நட்டைக் கழற்றிவிட்டு போல்ட்டை உருவினால் கொஞ்ச தூரம் வரும், பிறகு பக்கத்தில் நெடுக ஓடும் டார்ஷன் பாரில் போய் முட்டிக்கொள்ளும். முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருப்பது அந்த இரும்புத் தண்டுதான். முறுக்கேறிய நிலையில் காரின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை நகர்த்தாமல் போல்ட் வராது. போல்ட் வராமல் சிலிண்டர் வராது.

கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்த போல்ட்டின் தலையை நெடுநேரம் பார்த்தேன். ஆறு முனைகளில் நான்கு மழுங்கியிருந்தன. உலோகம் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு, அதன்மேல் மெல்லியதாக ஒரு துருப்படலம். அரை அங்குல அளவுள்ள தலை, அதாவது 12.7 மில்லிமீட்டர். யாரோ 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். முதலில் பிடிப்பதுபோல இருக்கும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்க வழுக்க முனை போகும். பக்கத்து டார்ஷன் பாரில் போல்ட்டின் நுனி இடித்த சிறு கீறலும் இருந்தது. இடித்திருக்கிறார், வரவில்லை, மறுபடி இடித்திருக்கிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். விளம்பரத்தில் நேரமின்மை என்று எழுதியிருந்தாரே, அது இந்த இடம்தான். பளபளக்கும் அந்தப் பச்சை எஞ்சினிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு மனிதர் தன் காரைக் கைவிட்ட இடம்.

எனக்குள் ஏதோ தீர்மானமானது அங்கேதான். அவருக்கு என்னைவிடத் திறமை அதிகம். அந்த எஞ்சினைப் பார்த்தாலே தெரியும். இரண்டாம் நாளே இந்த போல்ட்டின் முன் வந்து நின்றிருந்தால் அதைச் சமாளித்திருப்பார். எஞ்சினை முடித்து, உறுமல் கேட்டு, ஓட்டிப் பார்க்க ஒரு போல்ட்தான் தடை என்ற அவசரத்தோடு வந்து நின்றதால்தான் கிடைத்த ஸ்பேனரைப் போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் வந்திருந்தால் இது வெறும் வேலை. கடைசியில் வந்ததால் அவமானம். அன்றிலிருந்து, கார் நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடித்து நிற்கும்வரை எஞ்சினுக்குச் சாவி போடுவதில்லை என்று முடிவு செய்தேன். மனைவியின் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "மச்சான், ஓடாத வண்டியை எப்படி நிறுத்துவீர்கள்?" என்றான். கேள்வியில் நியாயம் இருந்தது என்பதால் பதில் சொல்லவில்லை.

டார்ஷன் பாரை இறக்குவது பயமுறுத்தும் அளவுக்குக் கடினமானது இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாத வேலை. காரை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை வேறொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, முறுக்கு முழுவதும் தளரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இடப்பக்கத்துத் தண்டை வலப்பக்கத்தில் மாட்டக் கூடாது. ஓடிப் பழகிய திசைக்கு அது ஏற்கெனவே வளைந்துகொடுத்திருக்கும். தண்டின் மேல் கீறல் விழுந்தால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால், அந்தப் பழைய கீறலுக்காகவே நான் வேறு தண்டு தேட வேண்டியிருந்தது. திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்த்திசையிலிருந்து செருகினேன். மைனர்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. அடுத்தமுறை சிலிண்டரை எடுக்க வேண்டியவர் டார்ஷன் பாரைத் தொடவே தேவையில்லை.

வெளியே வந்த சிலிண்டருக்குள் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சேறு. பிரேக் ஆயில் கிளைகால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தைச் சும்மா இருக்கும்போதே உறிஞ்சிக்கொண்டிருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் ஏறிவிட்டால் அந்தத் தரத்தின் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நிறுத்தி வைத்த காரில் கொதிப்பது பிரச்சினை இல்லை, அந்த நீர் உட்சுவரை அரிப்பதுதான். துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவினால் குழிகள் நிரடின. குழிவிழுந்த சுவரில் புது ரப்பர் வாஷரைப் போட்டால் சில நாள் தாங்கும், பிறகு கசியும். இந்த வண்டியில் பிரேக் ஒரே சுற்று; நான்கு சக்கரத்துக்கும் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய். எங்கே ஓரிடத்தில் பைப் உடைந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், மிஞ்சுவது கேபிளில் ஓடும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. தேய்த்துச் சரிசெய்து பார்க்கலாமே என்ற யோசனையைச் சொன்னவர்கள் இருந்தார்கள். கஞ்சத்தனத்துக்கு இடம் தராத விஷயம் காரில் ஒன்றுதான் உண்டு என்றால் இதுதான். புதிது வாங்கினேன்.

சக்கரம் சக்கரமாக

அதன் பிறகுதான் பிரேக் வேலையின் அருமை எனக்குப் பிடிபட்டது. அது உங்களைக் காரின் எல்லா மூலைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று பிரேக்கை அழுத்தும் ஆறு வீல் சிலிண்டர்கள். அவற்றை மூடியிருக்கும் பிரேக் டிரம்மைக் கழற்றப் போனால் பேரிங்கைப் பார்க்க நேர்கிறது. பின் டிரம்முக்குள் எண்ணெய்க் கறை தெரிந்தால் ஆக்ஸில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பைப்பைத் தொட்டுக்கொண்டே பின்னால் ஊர்ந்தால் தரைத்தகடு முழுவதையும் ஓர் அங்குலம் விடாமல் அடியிலிருந்து பார்த்துவிடுகிறீர்கள். டார்ஷன் பாரின் பின்முனை மாட்டியிருக்கும், காரின் அடியில் குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பரின் ஓரத்தில், ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், திருப்புளியால் லேசாகக் குத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போனது. வெளியே கறுப்புப் பூச்சு வழுவழுவென்று ஒரு குறையும் தெரியாமல் இருந்தது.

டிரம்களைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உள்ளே சேர்ந்திருக்கும் தூளை வாயால் ஊதுவதோ காற்றுக்குழாயால் அடிப்பதோ கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, உப்பிப்போய் பயனற்றதாகிவிடும். அவற்றைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தே மாட்ட வேண்டும். அதே ஆயில் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். பழைய இரும்பு பைப்புகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைப் பைப் போட்டேன். அது கையாலேயே வளையும். முனையை விரித்து அகட்டும் கருவி ஒன்று மட்டும் வேண்டும், வீணாக்கிப் பழக ஒரு முழம் பைப்பும் வேண்டும்.

பிரேக் பைப்புகளுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பதற்கு இரண்டு பேர் தேவை. என் மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஒரு நாவலோடு உட்கார்ந்தாள். நான் தூரத்துச் சக்கரமான இடது பின்பக்கத்தில் படுத்திருந்தேன். உள்ளே இருப்பது தெரியும் வளையும் குழாயின் ஒரு முனை, காற்று வெளியேறும் திருகான நிப்பிளில், மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலில். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், நான் நிப்பிளைத் தளர்த்துவேன், குமிழிகள் வரும், இறுக்குவேன், "விடு" என்றதும்தான் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். நடுநடுவே தரையில் இருக்கும் அந்த வாயில் ஆயில் குறையாமல் ஊற்ற வேண்டும், அதற்கு அவள் காலை நகர்த்த வேண்டும், நாவலில் பக்கம் தவறும். முதல் இரண்டு சக்கரங்களுக்கு ஒத்துழைப்பு இருந்தது. மூன்றாவதில் "மிதி" என்றபோது, எதை என்று கேட்டாள். நான்காவது முடியும் தறுவாயில் அவளே, "கால் பாதியில் நிற்கிறது, இதற்குமேல் போகமாட்டேன் என்கிறது" என்றாள். எழுந்து போய் நானும் மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

தகடு

கிராஸ்மெம்பர் முனைகளை நானே வெல்டிங் செய்யவில்லை. காரின் எடையைத் தாங்கும் இடம், டார்ஷன் பாரின் முறுக்கைத் தாங்கும் இடம். கைதேர்ந்தவர் ஒருவரை அழைத்துச் செய்துகொண்டேன். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிற வெறி புதியவர்களுக்கு ஒரு நோய். தரைத்தகட்டின் ஓட்டைகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் தகடு நெளியும், அல்லது ஓட்டை பெரிதாகும். பொட்டுப் பொட்டாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தள்ளித் தள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியை வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்கே கம்பி வைத்து உடலைப் பிணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் சற்றே தொய்யும், வெல்டிங் முடிந்த பிறகு கதவு மூடாது. மட்கார்டுகளைக் காந்தம் வைத்துச் சோதித்தேன். பல இடங்களில் காந்தம் கீழே விழுந்தது. அத்தனையும் பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்து, டேங்கைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றியதும் ஓடியது. முந்தையவர் நன்றாகவே செய்திருந்தார். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை போய் பிரேக் பிடித்துப் பார்த்தேன். வண்டி இடப்பக்கம் சற்று இழுத்தது. டிரம்மில் இருக்கும் துளை வழியாகத் திருப்புளியை விட்டு வலப்பக்கத்து அட்ஜஸ்டரை ஒரு பல் முன்னால் தள்ளியதும் நேரானது.

இப்போது அறிவுரை சொல்கிறவர்கள் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றச் சொல்கிறார்கள். மாற்று உபகரணங்கள் கிடைக்கின்றன, பெரிய எஞ்சின் ஏற்றியவர்களுக்கு அவை அவசியமும்கூட. 948 சிசி எஞ்சினின் வேகத்துக்கு, ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த டிரம் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்குச் செலவழிக்கும் பணமும் பொறுமையும் முன்சக்கரத்தின் டிரன்னியனுக்குப் போகட்டும். மைனரின் முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது மரையிட்ட அந்த மூட்டுகள்தான். கிரீஸ் வைக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் மெதுவாகத் திருப்பும்போதே சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வலப்பக்கம் ஆட்டம் இல்லை. இடப்பக்கத்தில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கையில் ஒரு சின்ன டக் தெரிகிறது. அதற்கான, சக்கரம் திரும்பும் அச்சான ஸ்விவல் பின்னும் டிரன்னியன்களும் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை மாட்டும்வரை தெருமுனையைத் தாண்டுவதாக இல்லை.